நெல்லையிலிருந்து ஒரு பட்டைச் சுருள் விண்மீன் மண்டலத்தைப் பார்க்க முடியுமா? அந்த நடுப் பட்டை எதற்கு?

முடியும். என்ஜிசி 1365-ஐத் தேடுங்கள். ஃபோர்னாக்ஸ் உடுத்தொகுதியில், சுமார் 5.6 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. குறுக்களவு ஏறத்தாழ 2 லட்சம் ஒளியாண்டு. நம் பால்வீதியை விடப் பெரிது.

மார்கழிக் கடைசியில் இரவு 9 மணிவாக்கில் நாங்குநேரிப் பக்கம், அதாவது நேர் தெற்கே திரும்பி நில்லுங்கள். அடிவானத்துக்கும் உச்சிக்கும் சரிபாதி உயரத்தில் நிற்கும். டெல்லிக்காரர்களுக்கு இது மிகவும் தாழ்வாகத்தான் தெரியும். இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். டவுன் வெளிச்சம் எட்டாத வயக்காடும் 8 அங்குலத் தொலைநோக்கியும் வேண்டும். முதலில் பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒரு மங்கல்தான். கண் இருட்டுக்குப் பழகட்டும், அரைமணி நேரம் பொறுங்கள். நடுவே ஒரு கோடும், அதன் இரு முனையிலிருந்தும் வளையும் கைகளும் மெல்லப் புலப்படும்.

அந்தக் கோடுதான் பட்டை. பல நூறு கோடி விண்மீன்கள் சேர்ந்த நீள் திரள். சுழலும் வாயுவை அதன் ஈர்ப்பு இழுத்து மோதவிடுகிறது. சுழல்வேகம் இழந்த வாயு மையத்தை நோக்கி வழிகிறது. தாமிரபரணித் தண்ணீரைக் கன்னடியன் கால்வாய் குளங்களுக்குக் கொண்டுபோகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். படங்களில் பட்டை நெடுகத் தெரியும் கருங்கோடுகள் அந்த வாயுவும் தூசும்தான். அது சேருமிடத்தில் புது விண்மீன்கள் பிறக்கின்றன. நட்ட நடுவில் அசுர வேகத்தில் சுழலும் கருந்துளைக்கும் தீனி கிடைக்கிறது.

பால்வீதிக்கும் இப்படியொரு பட்டை உண்டு. உள்ளேயே இருப்பதால் நம்மால் அதை முழுதாகப் பார்க்க முடியாது.