கோவையில் பன்னிரண்டு ஆண்டு கார் ஓட்டியவருக்கு டொரண்டோவில் ஏன் இவ்வளவு பிரீமியம்?

கேள்வி: நான் கோவையைச் சேர்ந்தவன். வயது 36. மனைவி, ஆறு வயது மகளுடன் கனடாவுக்குக் குடிவந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் சித்தி மகன் வீட்டில் தங்கியிருக்கிறோம். அடுத்த மாதம் பக்கத்து மார்க்கம் நகரில் வேலையில் சேரப்போகிறேன். ஊரில் பன்னிரண்டு ஆண்டுகள் கார் ஓட்டினேன். ஒரு முறைகூட இழப்பீடு கேட்டதில்லை. கிளம்பும்முன் காரை விற்றுவிட்டேன். இங்கே ஓட்டுநர் உரிமத்தின் முதல் படியான ஜி1 எழுத்துத் தேர்வில் தேறியிருக்கிறேன். அடுத்து இடைப்படி உரிமமான ஜி2 எடுத்து, தவணையில் ஒரு ஹோண்டா சிஆர்-வி வாங்கலாம் என்று விசாரித்தேன். காப்பீட்டுக்கு மட்டும் மாதம் 520 டாலர் ஆகும் என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், பேரி நகரத்தில் உள்ள தன் முகவரியைக் கொடுத்தால் நன்றாகக் குறையும் என்கிறார். இன்னொருவர் மலிவாகப் பிங்க் சிலிப், அதாவது காப்பீடு இருப்பதற்கான சான்றுச் சீட்டு, வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்ற உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத்தான் காப்பீட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். அதற்குப் பிறகு குறைக்கக்கூடியது கொஞ்சம்தான். டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் முதலில் சான்றுகள், அடுத்து உரிமம், அதன்பின் காப்பீட்டு விலை, கடைசியில்தான் கார். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

உங்களிடம் ஏன் இவ்வளவு கேட்கிறார்கள்? நீங்கள் மோசமாக ஓட்டுகிறீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவினாசி சாலையின் காலை நெரிசலில் பன்னிரண்டு ஆண்டு கீறல் இல்லாமல் ஓட்டியவர் நீங்கள். ஆனால் அது இங்குள்ள எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான், கொரியா போன்ற சில நாடுகளின் உரிமத்தை ஒன்டாரியோ அப்படியே மாற்றித் தருகிறது. இந்தியா, இலங்கையுடன் அந்த ஏற்பாடு இல்லை. எனவே ஜி2 உரிமத்தோடு போய் நிற்கும் உங்களை, பள்ளி முடித்து நேற்று உரிமம் வாங்கிய பையனோடு சேர்த்தே பல நிறுவனங்கள் எடைபோடும். அந்த 520 டாலரில் பெரும்பங்கு இந்தத் தெரியாமைக்கான விலை. அதைக் குறைக்கப் பேரம் பேசிப் பயனில்லை. தாள்தான் பேசும்.

அந்தத் தாள்கள் இரண்டு. முதலாவது, உங்கள் ஆர்டிஓ அலுவலகத்திலிருந்து உரிமம் எந்த நாளில் வழங்கப்பட்டது, எதுவரை செல்லும் என்பதைக் காட்டும் சான்று. பரிவாஹன் தளத்தின் சாரதி பக்கத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம். அண்மைய மூன்று ஆண்டுகளில் குறைந்தது 24 மாதம் உரிமத்தோடு ஓட்டியிருக்கிறீர்கள் என்பதை உரிமம் வழங்கிய அலுவலகமோ தூதரகமோ எழுத்தில் உறுதிப்படுத்தினால், ஜி2 படியைத் தாண்டி நேரடியாக முழு உரிமத்துக்கான ஜி சாலைத் தேர்வுக்கே போகலாம். அந்தச் சான்று இல்லாமல் வாய்மொழியாகச் சொல்லும் அனுபவம் உங்களை ஜி2 தேர்வுவரைதான் கொண்டுபோகும். அவசரத்தில் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். முழு ஜி உரிமத்தையும் ஜி2 உரிமத்தையும் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. சான்று வர ஒரு மாதம் ஆனாலும் காத்திருங்கள்.

ஆனால் இந்தக் குறுக்குவழி ஒரே ஒரு முறைதான். ஜி தேர்வில் தவறினால் ஜி2 தேர்வுக்கே திரும்ப வேண்டும். ஆகவே உள்ளூர்ப் பயிற்றுநர் ஒருவரிடம் சில மணி நேரமாவது கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் ஓட்டும் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. நிறுத்தப் பலகையில் சக்கரம் முழுவதும் நிற்பது, தடம் மாறும்முன் தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்ப்பது, நெடுஞ்சாலையில் போக்குவரத்தின் வேகத்துக்கு ஏற்ப நுழைவது என்று தேர்வாளர் கவனிக்கும் பழக்கங்கள் வேறு. கண்ணாடியில் மட்டும் பார்த்துத் தடம் மாறியதற்காகவே தேர்வில் தவறிய அனுபவசாலிகளை எனக்குத் தெரியும்.

இரண்டாவது தாள், நீங்கள் விற்ற காருக்குக் காப்பீடு வழங்கிய இந்திய நிறுவனத்திடமிருந்து. தொடர்ந்து ஐந்து ஆண்டு இழப்பீடு கேட்காதவருக்கு நம் ஊரில் நோ கிளைம் போனஸ் 50 சதவீதம்வரை போகும் என்பது உங்களுக்குத் தெரியும். காரை விற்றுவிட்டதால் அந்தப் போனஸைத் தக்கவைக்கும் கடிதத்தைக் கேட்டு வாங்கலாம். அதோடு, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை உங்களுக்குக் காப்பீடு இருந்தது, இழப்பீடு எதுவும் கோரப்படவில்லை என்ற விவரத்தை நிறுவனத்தின் கடிதத்தாளில் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். இங்குள்ள எல்லா நிறுவனங்களும் அதை மதிக்காது. சில மதிக்கின்றன. மதிக்கும் நிறுவனம் ஒன்று கிடைத்தால் போதும்.

இப்போது கார். சிஆர்-வி நல்ல வண்டிதான். ஆனால் திருடர்களுக்கும் அது பிடித்த வண்டி. அண்மை ஆண்டுகளில் ஒன்டாரியோவில் அதிகம் திருடுபோன வண்டிகளின் பட்டியலில் சிஆர்-வி, டொயோட்டா ஹைலேண்டர், லெக்சஸ் ஆர்எக்ஸ் ஆகியவை முன்வரிசையில் இருந்தன. இவற்றுக்குச் சில நிறுவனங்கள் தனியாகக் கூடுதல் கட்டணம் வைக்கின்றன அல்லது கண்காணிப்புக் கருவி பொருத்தச் சொல்கின்றன. சென்ற குளிர்காலத்தில் உங்களைப் போலவே புதிதாக வந்த ஒரு தம்பதியோடு அவர்களுடைய சமையலறை மேசையில் உட்கார்ந்து விலை பார்த்தோம். ஓட்டுநர் அவரே, முகவரி அதுவே. கார் என்ற ஒரு கட்டத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனோம். மூன்றாவது காரில் விலை இறங்கியபோது அந்தப் பெண் கணவரைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அவர் ஏற்கெனவே முதல் காருக்கு முன்பணம் கட்டியிருந்தார். உங்களுக்குப் பிடித்த மூன்று நான்கு மாடல்களின் பெயரோடு முதலில் காப்பீட்டு விலை கேளுங்கள். பிறகு விற்பனையாளரிடம் போங்கள்.

தவணையில் வாங்கினால் கடன் கொடுப்பவர் மோதல் சேதம், திருட்டு முதலியவற்றுக்கான காப்பீட்டையும் எடுக்கச் சொல்வார். கையிருப்பில் ஒரு பழைய சாதாரண காரை வாங்கினால் மோதல் சேதக் காப்பீடு வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் முடிவாகிவிடும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு நான் இந்த வழியையே சொல்வேன். மகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடவும், சனிக்கிழமை காய்கறி வாங்கவும் புது வண்டி தேவையில்லை.

எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்பதில் கவனம் வேண்டும். பிறருக்கு நேரும் இழப்புக்கான பொறுப்புக் காப்பீடு ஒன்டாரியோவில் குறைந்தபட்சம் 2 லட்சம் டாலர். சட்டம் அதோடு நின்றாலும் நீங்கள் நிற்காதீர்கள். ஒருவருக்கு முதுகெலும்பு அடிபட்டால் அந்தத் தொகை எங்கே போதும்? 10 லட்சம் அல்லது 20 லட்சம் டாலருக்கு எடுங்கள். கூடுதல் பிரீமியம் நீங்கள் பயப்படும் அளவு இருக்காது. மாறாக, சேதத்தில் உங்கள் கையிலிருந்து போடும் தொகையை 500 டாலரிலிருந்து 1,000 டாலராக உயர்த்திப் பிரீமியத்தைக் குறைக்கலாம், அந்த 1,000 டாலர் எப்போதும் வங்கியில் இருக்கும் என்றால்.

2024 ஜனவரி முதல், பிறர் தவறால் உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்தை உங்கள் நிறுவனமே ஈடுசெய்யும் பிரிவை வேண்டாம் என்று விலக்கவும் வழி வந்திருக்கிறது. விலக்கிவிட்டால், எதிரே வந்தவர் இடித்தாலும் செலவு உங்களுடையது. அதைத் தொடாதீர்கள். 2026 ஜூலை 1 முதல் விபத்துப் பலன்களில் மருத்துவம், மறுவாழ்வு, பராமரிப்பு உதவி ஆகியவை மட்டுமே கட்டாயம். வருமான இழப்பீடு போன்றவை விருப்பத்துக்கு விடப்படுகின்றன. இந்த இழப்பீடு சம்பளத்தில் 70 சதவீதம், வாரத்துக்கு 400 டாலர்வரை என்பதே வழக்கமான அளவு. ஒரே சம்பளத்தில் மூன்று பேர் வாழும் வீட்டில், சில டாலரை மிச்சம் பிடிக்க அதை வெட்ட வேண்டாம் என்று உங்களிடம் கெஞ்சிக் கேட்பேன்.

பேரி முகவரிக்கு வருகிறேன். அஞ்சல் குறியீடு பிரீமியத்தைத் தீர்மானிப்பது உண்மை. எம்1 என்று தொடங்கும் ஸ்கார்பரோ குறியீட்டுக்கு விலை அதிகம் என்பதும் உண்மை. ஆனால் கார் இரவில் எங்கே நிற்கிறது என்பதைப் பற்றிப் பொய் சொன்னால், விபத்து நடந்த அன்று அது வெளிவரும். இழப்பீட்டை மறுக்கவும் காப்பீட்டையே ரத்துசெய்யவும் நிறுவனத்துக்கு அது காரணமாகிவிடும். உங்களுக்கு முகவரி தருகிறவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அன்று அவர் உங்களோடு நிற்க முடியாது.

மலிவுப் பிங்க் சிலிப் அதைவிட ஆபத்தானது. அச்சடித்த தாள் கையில் இருக்கும், பின்னால் காப்பீடே இருக்காது. காப்பீடில்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறையே அபராதம் 5,000 முதல் 25,000 டாலர்வரை. உரிமம் ஓராண்டுவரை நிறுத்திவைக்கப்படலாம், வண்டியும் பறிமுதலாகலாம். ஒன்டாரியோவில் தரகர்கள் ரிபோ என்ற அமைப்பில் பதிவுசெய்திருக்க வேண்டும். அதன் தளத்தில், சிலிப் தருவதாகச் சொன்னவரின் பெயரைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

தரகர் பல நிறுவனங்களின் விலையை எடுத்துத் தருவார், முகவர் ஒரே நிறுவனத்துக்கு உரியவர். இரண்டு தரகர்களிடமும், நேரடியாக விற்கும் ஓரிரு நிறுவனங்களிடமும் கேளுங்கள். ஸ்கார்பரோவின் தமிழ்ப் பத்திரிகை விளம்பரங்களில் காப்புறுதி என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். இலங்கைத் தமிழர்கள் காப்பீட்டுக்கு வழங்கும் சொல் அது. கேட்கும்போது, “வெளிநாட்டு ஓட்டுநர் அனுபவத்தைக் கணக்கில் எடுக்கும் நிறுவனம் உங்களிடம் எது?” என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

புதிதாக வந்தவர்களின் இன்னொரு பயம், கடன் வரலாறு இல்லையே என்பது. ஒன்டாரியோவில் கார் காப்பீட்டு விலைக்குக் கடன் மதிப்பெண்ணைப் பயன்படுத்தக் கூடாது. அந்தக் கவலையை விடுங்கள். மாதத் தவணை மட்டும் தவறக் கூடாது. ஒருவருக்குச் சம்பளக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றியபோது இரண்டு தவணைகள் திரும்பிப் போய், நிறுவனம் காப்பீட்டை ரத்துசெய்துவிட்டது. தொகை பெரிதில்லை. ஆனால் அதன்பின் அவர் நிரப்பிய ஒவ்வொரு விண்ணப்பத்திலும், பணம் கட்டாததால் காப்பீடு ரத்தானதுண்டா என்ற கேள்வி காத்திருந்தது. விபத்து எதுவும் செய்யாமலேயே அவர் ஆபத்தான ஓட்டுநர்களின் வரிசையில் போய் நின்றார்.

சித்தி மகனிடம் கார் இருந்தால், ஒரே வீட்டில் இருக்கும் ஓட்டுநராக உங்களை அவர் தன் நிறுவனத்துக்குத் தெரிவிப்பதுதான் முறை. அவருடைய காப்பீட்டில் உங்கள் பெயரையும் எப்போதாவது ஓட்டுபவராகச் சேர்த்தால், இங்கே உங்களுக்கென்று ஒரு வரலாறு தொடங்கும். அவர் பிரீமியம் கூடினால் அந்த வித்தியாசத்தை நீங்கள் கொடுத்துவிடுங்கள், உறவும் கெடாது. நீங்கள் தினமும் ஓட்டும் காரை அவர் பெயரில் காட்டுவது மட்டும் கூடாது. அதுவும் பேரி முகவரியைப் போன்ற பொய்தான்.

சில்லறைச் சலுகைகளும் உண்டு. குளிர்கால டயருக்கு 2016 முதல் எல்லா நிறுவனங்களும் சலுகை தர வேண்டும். பனியில் அது உயிரையும் காக்கும். வாடகை வீட்டுக் காப்பீட்டை அதே நிறுவனத்தில் எடுத்தால் இரண்டிலும் குறையலாம். உங்கள் புதிய அலுவலகத்தில் குழுச் சலுகை இருக்கிறதா என்று விசாரியுங்கள். கைப்பேசிச் செயலி வழியே ஓட்டுவதைக் கண்காணிக்கும் திட்டத்தில் சேரும்முன், அது பிரீமியத்தைக் கூட்டவும் செய்யுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வார இறுதியில் உணவு விநியோகம், வாடகை ஓட்டம் செய்யும் எண்ணம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். சாதாரணக் காப்பீடு அதற்குப் பொருந்தாது.

இதெல்லாம் முடிய இரண்டு மூன்று மாதம் ஆகும். வேலை அதற்குள் தொடங்கிவிடும். பரவாயில்லை, பஸ்ஸில் போங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து டொரண்டோ பஸ்ஸிலிருந்து மார்க்கம் செல்லும் யார்க் வட்டார பஸ்ஸுக்கு மாறினால், குறித்த நேரத்துக்குள் இரண்டாவது கட்டணம் கிடையாது. அந்த மாதங்களில் மிச்சமாகும் காப்பீட்டுத் தொகையே பழைய காருக்கான முன்பணத்தில் ஒரு பகுதி.

ஆர்டிஓ சான்றுக்கு இன்றிரவே விண்ணப்பியுங்கள். காப்பீட்டு நிறுவனத்தைத் தொலைபேசியில் பிடிக்க வேண்டுமானால் மகள் தூங்கியபின் உட்காருங்கள். இங்கே நள்ளிரவு நெருங்கும்போதுதான் கோவையில் அலுவலகங்கள் திறக்கும்.