ஐந்து இன்டிகேட்டர், ஒரே விலை

வணக்கம் ஐயா,

திருகோணமலை உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். கணித ஆசிரியர். இந்த வருடம் சிடிஎஸ் கணக்கு (வாங்கும் பங்குகள் பதிவாகும் கணக்கு) திறந்து கொஞ்சம் பங்கு வாங்கினேன். முதலில் வாங்கியது டோக்கியோ சீமெந்து. தொழிற்சாலை எங்கள் ஊரில் இருப்பதால் ஒரு பிடிப்பு. யூடியூப் பார்த்து விலைச் சாட்டில் (கோட்டுப்படத்தில்) ஆர்எஸ்ஐ, எம்ஏசிடி, பொலிஞ்சர் பாண்ட், இரண்டு மூவிங் அவரேஜ் என்று ஐந்து இன்டிகேட்டர், அதாவது விலையை வைத்துக் கணக்குப் போட்டுக் கீறும் கோடுகள், போட்டு வைத்திருக்கிறேன். ஒன்று வாங்கு என்கிறது, இன்னொன்று விற்கச் சொல்கிறது. எதை நம்புவது? முதலில் எதைப் படிப்பது? 25,000 ரூபாய்க்கு ஒரு ஒன்லைன் வகுப்பு இருக்கிறதாம். சேரலாமா?

உவர்மலை வாசகர்

அன்பின் தம்பி,

எல்லாவற்றையும் சாட்டிலிருந்து அழித்துவிடுங்கள். ஆர்எஸ்ஐ ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதையும் முதலில் ஒரு கொப்பியில்.

நீங்கள் போட்டிருப்பவை எல்லாமே ஒரே பங்கின் முடிவு விலையிலிருந்து (அன்றைய வியாபாரம் முடியும்போது உள்ள விலை) பிழிந்தெடுத்தவைதான். மூவிங் அவரேஜ் அந்த விலைகளின் சராசரி. எம்ஏசிடி என்பது 12 நாள் சராசரிக்கும் 26 நாள் சராசரிக்கும் உள்ள வித்தியாசம். பொலிஞ்சர், 20 நாள் சராசரிக்கு மேலும் கீழும் இரண்டு நியம விலகல் தள்ளிக் கீறிய கோடுகள். நியம விலகலை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே மூன்று இன்டிகேட்டர் ஒத்துச் சொன்னால் மூன்று சாட்சி கிடைத்துவிட்டதென்று நினைக்காதீர்கள். ஒரே ஆளை மூன்று தரம் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அவை முரண்படுவதும் பெரிய மர்மமில்லை. ஒன்று கிட்டிய நாட்களைப் பார்க்கிறது, மற்றது பின்னால் தள்ளிப் பார்க்கிறது.

இனிக் கொப்பி. ஆர்எஸ்ஐயை 1978இல் வெளியிட்டவர் வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர். கையால் போடக்கூடிய கணக்கு அது. அடுத்தடுத்த 15 நாள் முடிவு விலையை எழுதினால் 14 மாற்றங்கள் வரும். ஏறியவற்றை ஒரு பக்கமும் இறங்கியவற்றை மறுபக்கமும் கூட்டுங்கள். ஏற்றம் மொத்தம் 6 ரூபாய், இறக்கம் 2 ரூபாய் என்று வைப்போம். மொத்த அசைவு 8 ரூபாய், அதில் ஏற்றம் 75 வீதம். ஆர்எஸ்ஐ 75. சூத்திரத்தை எப்படித் திருப்பிப் போட்டாலும் இதுதான் வரும். நாளை விலை விழும் என்று இந்த 75 எங்கேயாவது சொல்கிறதா? கடந்த 14 நாளில் ஏற்றத்தின் பங்கு முக்கால் என்று மட்டும் சொல்கிறது. 70, 30 என்ற எல்லைகள் வைல்டருடையவைதான்; ஆனால் 70ஐத் தாண்டினால் கண்ணை மூடிக்கொண்டு விற்கவேண்டும், 30க்குக் கீழே போனால் வாங்கவேண்டும் என்பது யூடியூப் ஒட்டிவிட்ட வால். நல்ல ஏறுமுகத்தில் ஒரு பங்கு வாரக்கணக்கில் 70க்கு மேலேயே நிற்கும்.

உங்கள் விடையும் ஆப் காட்டுவதும் ஒத்துவராது. பயப்பட வேண்டாம். முதல் சராசரிக்குப் பிறகு வைல்டர் பழையதைத் தூக்கி எறிவதில்லை. முந்திய சராசரியை 13ஆல் பெருக்கி, இன்றைய மாற்றத்தைக் கூட்டி, 14ஆல் வகுக்கிறார். அதனால் மூன்று மாதத்துக்கு முந்திய விலையும் அந்தக் கோட்டில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கொழும்புச் சந்தையில் இன்னொரு சிக்கல். பல பங்குகள் நாளுக்குச் சில நூறு கூடக் கைமாறுவதில்லை. யாரோ ஒருவர் அவசரத்துக்கு விற்றால் அதுவே அன்றைய விலை. அதில் ஆர்எஸ்ஐ போடுவது அந்த ஒருவரின் அவசரத்தை இரண்டு தசம தானத்துக்குக் கணிப்பது. அதேபோல 200 ரூபாய்ப் பங்கை இரண்டாகப் பிரித்தால் மறுநாள் விலை 100. பழைய விலைகளைத் திருத்தாத சாட்டில் ஆர்எஸ்ஐ பாதாளத்துக்குப் போய்விடும், பங்கு வைத்திருப்பவருக்கு ஒரு சதம் நட்டமில்லாவிட்டாலும்.

வெளியில் நடப்பதும் ஆர்எஸ்ஐக்குத் தெரியாது. 2022 ஜனவரியில் கொழும்புச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டி 13,000ஐத் தாண்டியது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. 18ஆம் திகதி முதல் சந்தையை மூடிவைத்தார்கள். 25ஆம் திகதி திறந்த அன்றும் விழுந்த வேகத்தில் வியாபாரத்தை நிறுத்தவேண்டி வந்தது. அதற்கு முன், ‘ஆர்எஸ்ஐ 30க்குக் கீழே வந்துவிட்டது, மலிவு’ என்று வாங்கியவர்களின் நிலையை யோசியுங்கள். டோக்கியோ சீமெந்துக்குக் கிளிங்கர் (சீமெந்து அரைக்கும் மூலப்பொருள்) கப்பல் வருவது உங்கள் கண்ணில் படலாம், ஆர்எஸ்ஐயின் கண்ணில் படாது. (கப்பலை எண்ணிப் பங்கு வாங்கச் சொல்கிறேன் என்று எடுத்துவிடாதீர்கள்.)

இரண்டு மூவிங் அவரேஜ் கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும்போதெல்லாம் வாங்கவோ விற்கவோ ஆசை வரும். தரகர் கூலி, வரி எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்துக்குச் சுமார் 1.12 வீதம் போகிறது. 100 ரூபாய்க்கு வாங்கியதை 102 ரூபா 27 சதத்துக்கு விற்றால்தான் கை கடிக்காது. விலை ஒரே இடத்தில் தத்தளிக்கும் மாதத்தில் கோடுகள் நாலு தரம் வெட்டினால், பங்கு அசையாமலே சுமார் நாலரை வீதம் போச்சு.

சந்தை காலை 9.30 முதல் பிற்பகல் 2.30 வரை. அதில் பெரும்பகுதி நீங்கள் வகுப்பில் நிற்பீர்கள். நல்லதுதான். பின்னேரம் வந்து முடிவு விலையை எழுதினால் போதும். உங்கள் சாட்டின் குறியீட்டில் கடைசி எழுத்தையும் பாருங்கள். டோக்கியோ சீமெந்தில் 'என்' வாக்குரிமை உள்ள பங்கு, 'எக்ஸ்' வாக்குரிமை இல்லாதது. விலையும் வேறு, கோடும் வேறு. ஒன்றை வாங்கிவைத்து மற்றதன் சாட்டைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

வகுப்புக்கு இப்போது வேண்டாம். மேலே எழுதியதை எந்த வகுப்பிலும் முதல் வாரம் சொல்வார்கள். பிறகும் சேர ஆசையென்றால், படிப்பிப்பவரிடம் அவருடைய ஒரு வருட சிடிஎஸ் கூற்றைக் கேளுங்கள். அதற்குப் பதிலாக வெளிநாட்டு நாணய வியாபார ஆப் ஒன்றின் லிங்கை அனுப்பினால், அந்த எண்ணை புளொக் பண்ணுங்கள்.