பழைய மர ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நானே பாலிஷ் போடலாமா, ஆளிடம் கொடுக்கலாமா?

அப்பா 1970களில் வாங்கிய ஸ்பீக்கர் ஜோடி, மேல்புறம் மங்கிவிட்டது, ஒரு மூலையில் வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாள்) தூக்கிக்கொண்டிருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மங்கலை நீங்களே சரிசெய்துவிடலாம். மூலையையும் பெரும்பாலும் நீங்களே ஒட்டிவிடலாம். வெனீர் உள்ளங்கை அளவுக்கு மேல் பெயர்ந்திருந்தாலோ, முகம் தெரிகிற பளபளப்பு வேண்டும் என்றாலோ மட்டும் ஆளைத் தேடுங்கள்.

முதலில் அது மரம்தானா என்று பாருங்கள். விலை குறைந்த மாடல்களில் அந்தக் காலத்திலேயே மரக்கோடு அச்சடித்த வினைல் தாளைத்தான் ஒட்டினார்கள். ஒரே கணு இரண்டு இடங்களில் அச்சு அசலாக வந்தால் அது வினைல். அதற்குப் பாலிஷே கிடையாது. சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் உரித்துவிட்டுப் புது வெனீர் ஒட்ட வேண்டும்.

மரம் என்றால், மேலே என்ன பூச்சு இருக்கிறது என்று பின்பக்க ஓரத்தில் சோதியுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். மெதுவாக ஊறினால் அது வெறும் எண்ணெய்ப் பூச்சு. ஊறாமல் நின்றால் பஞ்சில் பாலிஷ் ஸ்பிரிட் தொட்டுத் தேயுங்கள். பிசுபிசுவென்று கரைந்தால் அவலரக்கு, அதாவது பிரெஞ்சு பாலிஷ். அதிலும் கரையாமல் என்.சி. தின்னரில் கரைந்தால் லேக்கர். எதற்கும் அசையாவிட்டால் வார்னிஷ் அல்லது பாலியூரித்தேன். இந்தச் சோதனையைச் செய்யாமல் உப்புத்தாளைக் கையில் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம்.

ஏனென்றால் வெனீர் அவ்வளவு மெல்லியது. இன்று கடையில் கிடைப்பது சுமார் அரை மில்லிமீட்டர், பழையவை கொஞ்சம் தடிமன். அடியில் இருப்பது பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்துகளை அழுத்திச் செய்த பலகை. பவர் சாண்டரை விளிம்பில் சில நொடி அதிகம் வைத்தால் அது தெரிந்துவிடும், பிறகு எந்தப் பாலிஷும் மறைக்காது. கையால் மட்டும், மரக்கட்டையில் சுற்றிய 220ஆம் எண் தாளில் தொடங்கி 320க்குப் போங்கள். ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். விளிம்பைத் தொடாதீர்கள்.

அந்தக் காலத்துப் பேர்பெற்ற அமெரிக்கப் பெட்டிகளில் பல எண்ணெய்ப் பூச்சு வால்நட். 1967இல் வந்த ஏஆர் கம்பெனியின் ஏஆர்-3ஏ, 1970இல் வந்த ஜேபிஎல் கம்பெனியின் எல்100 இரண்டும் இந்த வகையில் கிடைத்தன. உங்களுடையதும் அப்படி இருந்தால் ஆளே வேண்டாம். டர்பன்டைனில் நனைத்த துணியால் பழைய அழுக்கையும் மெழுகையும் எடுங்கள். காய்ந்ததும் டேனிஷ் ஆயிலோ, கடையில் 'பாயில்டு லின்சீட் ஆயில்' என்று கிடைக்கும் ஆளிவிதை எண்ணெயோ மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தை முழுவதும் துடைத்தெடுங்கள். ஒரு நாள் விட்டு இன்னொரு கை. அவ்வளவுதான். வால்நட்டின் ரேகை எழுந்து வருவதைப் பார்க்கத்தான் இந்த வேலையே. எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள்.

வீடியோக்களில் இந்த வேலைக்கு ஸ்டீல் வூலைக் காட்டுவார்கள். ஸ்பீக்கருக்கு அது ஆகாது. உதிரும் இரும்புத் தூளை வூஃபர் (கனத்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) காந்தம் இழுத்துக்கொள்ளும், கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலின் இடுக்கில் போய் உட்கார்ந்தால் கரகரக்கும். நைலான் ஸ்க்ரப்பர் போதும்.

தூக்கிய மூலைக்கு: அடியில் இருக்கும் தூசியை ஊதிவிட்டு, ஊசி போடும் சிரிஞ்சில் வெள்ளை மரப்பசையை ஏற்றிச் செலுத்துங்கள். மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் மரக்கட்டை வைத்து கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். பூந்தொட்டி வைத்த கறுப்பு வட்டம் இருந்தால் தேய்த்துப் போக்க முயல வேண்டாம். அது இரும்பும் மரத்தின் டானினும் சேர்ந்த கறை. பூச்சை எடுத்த பிறகு ஆக்சாலிக் அமிலக் கரைசல் தடவினால் வெளுக்கும். விஷம், கையுறை அவசியம். வெள்ளை வட்டம் என்றால் கவலையில்லை, பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிட்ட ஈரம்தான்.

இனி ஆள் விஷயம். நம் ஊரில் பழைய ஸ்பீக்கருக்கென்றே இருப்பவர்கள் அரிது. நீங்கள் போய் நிற்கப்போவது கதவு, கட்டில், சோபாவுக்குப் பாலிஷ் போடுபவரிடம். கைத்தொழிலில் குறை சொல்ல முடியாது, அவலரக்குப் பாலிஷ் தெரிந்த மூத்தவர் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் மெலமைன் ஸ்ப்ரே அடித்துப் பளபளவென்று கொடுத்துவிடுவார். இன்னும் சிலர், "இதுக்கு எதுக்கு சார் பாலிஷ், சன்மைக்கா ஒட்டிடலாம்" என்பார்கள். வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். எல்லாப் பெட்டியும் வெறும் பெட்டி இல்லை. பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சிறிய ஸ்பீக்கரின் பெட்டி மெல்லிய பிர்ச் பிளைவுட். அதன் உள்சட்டத்தில் பீச் மரத்துக்குப் பதிலாக பரானா பைன் வைத்ததற்கே ஒலி மாறியது. அப்படிப்பட்ட பலகையின் மேல் கெட்டியான மைக்கா ஒட்டினால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய எண்ணெயோ பாலிஷோ காதுக்குத் தெரிகிற மாற்றம் எதையும் செய்யாது.

யாரிடம் கொடுத்தாலும் வூஃபர், ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்), முன்துணி எல்லாவற்றையும் நீங்களே கழற்றிவிட்டு வெறும் பெட்டியைக் கொடுங்கள். எந்த ஒயர் எங்கே என்று போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டிதான் மோசம் என்றாலும் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். நல்ல கம்பெனிகள் ஜோடிக்கு ஒரே மரத்து வெனீரைப் பார்த்துப் பொருத்தியிருப்பார்கள், ஒன்றுக்கு மட்டும் புதுநிறம் வந்தால் கண்ணை உறுத்தும். ஐப்பசி கார்த்திகை மழையில் இந்த வேலை வேண்டாம். ஈரக் காற்றில் அவலரக்கும் லேக்கரும் வெள்ளை பூத்துவிடும்.

விற்கும் எண்ணம் இருந்தால் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சேகரிப்பவர்கள் நாலு கீறலோடு இருக்கும் பழைய பூச்சுக்குத்தான் அதிக விலை தருவார்கள், எனக்கும் அதுதான் பிடிக்கும்.

திரும்பப் பூட்டும்போது ஏஆர் போன்ற மூடிய, அதாவது காற்றுத்துளை இல்லாத பெட்டியாக இருந்தால் வூஃபர் கூம்பை விரல்களால் மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். நிதானமாக வெளியே வந்தால் காற்றுக் கசிவு இல்லை. வெடுக்கென்று வந்தால் வூஃபர் விளிம்பைச் சுற்றி மறுபடி காஸ்கெட் (காற்று புகாமல் அடைக்கும் பட்டை) வைத்துப் பூட்டுங்கள்.