பட்ச் நண்பர்கள் இருக்க, சங்கம் எதற்கு?

கேள்வி: பேராதனையில் படித்து முடித்து, துணுக்காய்ப் பக்கம் கால்நடை வைத்தியராக வந்து எட்டு மாதம். வடக்கிலுள்ள மிருக வைத்தியர்கள் நடத்தும் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். மிருக வைத்திய சபையில் பதிந்தாயிற்று, பட்ச் நண்பர்களின் வட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. சந்தாவும் கட்டி, ஞாயிற்றுக்கிழமையில் கூட்டத்துக்கும் அலைவதில் என்ன பிரயோசனம்?
– இளம் வைத்தியர், துணுக்காய்

பதில்: பிள்ளை, சபை வேறு, சங்கம் வேறு. சபையில் பதிவது சட்டம்; பதியாமல் வைத்தியம் பார்க்க முடியாது. ஆனால் இராத்திரி பதினொரு மணிக்குப் போன் எடுத்தால் சபை பதில் சொல்லாது.

நான் சேர்ந்த புதிதில் ஒட்டுசுட்டான் பக்கம் ஓர் எருமை. முக்கிக்கொண்டே கிடக்கிறது, கன்று வருவதாயில்லை. கையை விட்டுப் பார்த்தால் வழி திருகாணி மாதிரிச் சுழன்று போகிறது. கருப்பை முறுகியிருக்கிறது என்று விளங்கியது. படித்ததுதான், செய்ததில்லை. சங்கக் கூட்டத்தில் இரண்டு தரம் பக்கத்தில் இருந்து சாப்பிட்ட ஒரு மூத்தவருக்குப் போன் எடுத்தேன். "எந்தப் பக்கம் முறுகியிருக்கு? அங்க பலகை ஏதும் கிடக்கா?" என்றார். வலப்பக்கம் என்றேன். எருமையை வலப்பக்கமாகவே படுக்கவைத்து, வயிற்றில் பலகை போட்டு, அதில் ஓர் ஆளை ஏற்றி, முறுகிய பக்கமாகவே உருட்டச் சொன்னார். வீட்டுக்காரர் கதவுப் பலகையைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தார். மூன்றாவது உருட்டலில் கை நேராக உள்ளே போனது. கன்றும் உயிரோடு கிடைத்தது.

இதைப் பட்ச் குழுவில் கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம். ஆனால் உங்கள் நண்பர் ஒருவர் நுவரெலியாவில் பிரீசியன் மாடு பார்க்கிறார், இன்னொருவர் கொழும்பில் பூனைக்கு ஸ்கான் பண்ணுகிறார். காட்டோரம் விட்டு வளர்க்கிற இருநூறு மாட்டுப் பட்டியில், கட்டிப்பிடிக்க வசதியே இல்லாத இடத்தில், எப்படி ஊசி போடுவது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கன்னொறுவை மிருக வைத்திய ஆய்வு நிலையத்துக்கு இங்கிருந்து மாதிரி அனுப்பும்போது ஐஸ் கரையாமல் எப்படிக் கட்டுவது என்பதும் பக்கத்துப் பிரிவில் வேலை செய்கிறவருக்குத்தான் அத்துப்படி.

நோய் வரும்போதும் அப்படித்தான். தோல் கழலை நோய் 2020 இல் இலங்கையில் முதலில் தலைகாட்டியது வடக்கில்தான். கடி ஈயும் நுளம்பும் பரப்புகிற வைரசுக்குப் பிரதேச எல்லை ஏது? உடம்பெல்லாம் கட்டியோடு ஒரே ஒரு மாட்டைக் கண்டால் பூச்சிக்கடியோ, ஒவ்வாமையோ என்று யோசிக்கத் தோன்றும். அடுத்த பிரிவிலும் அதே படம் என்று தெரிந்தால் யோசனையே மாறிவிடும்.

அப்புறம் மேய்ச்சல் தரை. காலபோகம், அதாவது மாரிக்கால நெற்செய்கை, தொடங்கினால் வயலுக்குள் மாடு இறங்க முடியாது, காட்டுக்குள்ளும் விடமாட்டார்கள். 2022 டிசம்பர் குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்தன. ஒதுங்க இடமில்லாமல் வெட்டையில் நின்ற மாடுகள். மேய்ச்சல் தரை வேண்டுமென்று நான் தனியாக எழுதிய கடிதங்கள் எந்தக் கோப்பில் கிடக்கின்றனவோ! ஐந்து மாவட்ட வைத்தியர்களும் சேர்ந்து எழுதினால் கூட்டத்துக்காவது கூப்பிடுவார்கள்.

சரி, எல்லாக் கூட்டமும் இனிக்கும் என்று பொய் சொல்லமாட்டேன். பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை என்று அரை நாள் போன கூட்டங்களிலும் இருந்திருக்கிறேன். அதற்காகவே தேநீர் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்கிறவர்களும் உண்டு, அதில் நானும் ஒருவன்.

சந்தாதான் யோசனை என்றால், முதலில் ஒரு கூட்டத்துக்கு விருந்தாளியாகப் போய் வாருங்கள். உங்களைக் குழப்பிய கேஸ் ஒன்றின் படத்தைப் போனில் கொண்டுபோங்கள். அதை வாங்கி, பெரிதாக்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிற ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருடைய நம்பரை வாங்காமல் பஸ் ஏற வேண்டாம்.