கேமிங் லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு 90 டிகிரியைத் தொடுகிறது, கடையில் மதர்போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

மாற்ற வேண்டாம். திறந்து பார்க்காமலே போர்டு போச்சு என்று சொல்பவர் பேச்சைக் கேட்டு நிச்சயமாக மாற்ற வேண்டாம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் லேப்டாப் வாங்கி இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும், வாரண்டி முடிந்திருக்கும். கேம் போட்டதும் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், அப்புறம் திக்கித் திக்கி ஓடும், விசிறிச் சத்தம் அடுத்த அறை வரை கேட்கும். கார்டின் சிப் கெட்டுப்போனால் வேறு மாதிரி இருக்கும். திரையில் கோடு கோடாக வரும், கட்டம் கட்டமாகக் கலர் சிதறும், பாதியில் திரை கறுத்துவிடும். சூடானதும் வேகம் மட்டும் குறைகிறது என்றால் சிப் உயிரோடு இருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்றுதான் அர்த்தம். என்விடியா கம்பெனியின் லேப்டாப் கிராபிக்ஸ் சிப்கள் பெரும்பாலும் 87 டிகிரி பக்கம் வந்தவுடன் தாமாகவே வேகத்தைக் குறைக்கும். "90 எல்லாம் சகஜம், பயப்படாதே" என்று சொல்ல வருபவர்களுக்கும் இதுதான் பதில்: சிப் எரிந்துவிடாது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் காசு கொடுத்து வாங்கிய வேகம் கைக்கு வராது.

இந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுதக் காரணம், எனக்கும் இதையே சொன்னார்கள். எனக்குக் குளச்சல் பக்கம். வீட்டு எலிவேஷன் (முகப்புத் தோற்றம்) 3டி வரைந்து கொடுக்கிறேன், அதற்காக வாங்கியது என்விடியா 3060 கார்டு உள்ள லேப்டாப். ரெண்டர் போட்டால், அதாவது வரைந்ததை முழுப் படமாக மாற்ற விட்டால், முதலில் 1,700 மெகாஹெர்ட்ஸில் ஓடிய கார்டு, கொஞ்ச நேரத்தில் 1,000-க்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்கும். நாகர்கோவிலில் ஒரு கடைக்கு அக்கா வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன். லேப்டாப்பைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "பிள்ள கேம் விளையாடுதா?" என்று அவரிடம் கேட்டார் கடைக்காரர். நான்தான் வேலைக்கு வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். அதற்கும் அவரைப் பார்த்தே பதில்: "சிப்பு போச்சு மக்களே, போர்டு மாத்தணும், நாப்பதாயிரம் ஆகும்." லேப்டாப்பில் கார்டைத் தனியாகக் கழற்றி மாட்ட முடியாது, அநேகமாக எல்லா மாடலிலும் போர்டோடு சேர்த்து ஈயம் வைத்து ஒட்டியிருக்கும், அதனால்தான் இந்த விலை. அது உண்மைதான். ஆனால் சிப் போய்விட்டது என்பதை எந்த அளவை வைத்துச் சொன்னார்? நான் இரண்டு தடவை கேட்டும் பதில் வரவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அத்தான் மீன்பிடி வள்ளத்து எஞ்சின் வேலை பார்ப்பவர். திரும்பி வரும்போது அவர் சொன்னது ஒன்றுதான். அவுட்போர்டு எஞ்சின் சூடானால் யாரும் முதலில் பிஸ்டனைக் கழற்ற மாட்டார்கள், தண்ணீர் போகிற வழியில் உப்பு அடைத்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இதில் தண்ணீருக்குப் பதில் காற்று, அந்த வழியைப் பார்ப்போம் என்றார்.

திறக்கும் முன் எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு அளவெடுத்தோம். நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். கேம் ஓடும்போது கார்டின் வெப்பம், ஹாட் ஸ்பாட் வெப்பம், கிளாக் (மெகாஹெர்ட்ஸில் வேகம்), வாட் (மின்செலவு) நான்கையும் குறித்து வையுங்கள். ஹாட் ஸ்பாட் என்பது சிப்பிலேயே அதிகம் சூடான இடம், அது கார்டின் வெப்பத்தைவிட 10, 15 டிகிரி கூடுதலாக இருப்பது வழக்கம். 25, 30 என்று விலகிப் போனால் சிப்புக்கும் அதன் சூட்டை இழுக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே உள்ள பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கும். எனக்குப் பேஸ்ட் பிரச்சினையும் இருந்தது, காற்று வழி அடைப்பும் இருந்தது.

பின்மூடியைக் கழற்றி, முதல் வேலையாக பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும். விசிறியை எடுத்துப் பார்த்தால், விசிறிக்கும் சூட்டை வெளியே விடும் மெல்லிய செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசியும் தலைமுடியும் உப்பு ஈரமும் சேர்ந்து விரலால் உரித்தெடுக்கும் அளவுக்குக் கெட்டியாக ஒட்டியிருந்தது. வெளியே இருந்து எவ்வளவு ஊதினாலும் அது வராது. "புளோயர் அடிச்சாச்சு" என்று கடையில் சொல்வதை நம்பாதீர்கள், விசிறியைக் கழற்றினார்களா என்று கேளுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, கடல் ஈரம் வருடம் முழுக்க இருக்கிறது, ஈரம் பட்ட தூசி உதிராமல் ஒட்டிக்கொள்ளும். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் என்றால் ஆனி ஆடிக் காற்றில் மண் இன்னும் வேகமாகச் சேரும். பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்து யூடியூபில் சொல்பவர்களின், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை திறந்தால் போதும் என்ற கணக்கு நமக்கு ஆகாது. வருடத்துக்கு ஒரு முறையாவது திறக்க வேண்டும். ஊதும்போது விசிறி இறக்கையைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விட்டால் பேரிங் போய்விடும்.

பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தோம். ஒரு எச்சரிக்கை: சில மாடல்களில் பேஸ்ட்டுக்குப் பதில் வெள்ளி நிறத்தில் திரவ உலோகம் போட்டிருப்பார்கள், அது மின்சாரம் கடத்தும். அப்படிப் பார்த்தால் தொடாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். புதிதாகப் போடுவதற்கு நான் பேஸ்ட்டுக்குப் பதில் வைக்கும் ஹனிவெல் பிடிஎம்7950 என்ற மெல்லிய தகடு வாங்கினேன். 45 டிகிரி வாக்கில் இளகிச் சிப்பின் மேல் படியும், லேப்டாப் சிப்பில் சாதாரண பேஸ்ட் போல ஒதுங்கி ஓடாது. போலி நிறைய விற்கிறது, பார்த்து வாங்குங்கள். மெமரி மேல் இருக்கும் மெத்தைத் துண்டுகள் கிழியாமல் இருந்தால் அவற்றை மாற்ற வேண்டாம், தடிமன் அரை மில்லிமீட்டர் கூடினாலும் செம்புத் தகடு சிப்பில் உட்காராது. திருகாணிகளை அருகில் பொறித்திருக்கும் எண் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

வாரண்டி இருந்தால் திறக்கச் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். அவர்கள் திறக்காமல் செய்யக்கூடியது அடுத்தது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் கண்ட்ரோல் எஃப் அழுத்தினால் வோல்டேஜ் வளைகோடு வரும். 800 மில்லிவோல்ட்டில் 1,600 அல்லது 1,700 மெகாஹெர்ட்ஸ் வைத்து, அதற்கு வலப்பக்கம் முழுவதையும் அதே உயரத்தில் சமமாக்குங்கள். அதே வேகத்தில் மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தை ஒட்டிக் குறையும், 900-லிருந்து 800-க்கு வந்தாலே ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். கேம் நின்றுபோனால் 25 மில்லிவோல்ட் கூட்டுங்கள், ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு விதம். அப்புறம் விண்டோஸ் பவர் செட்டிங்கில் பிராசஸர் உச்சத்தை 99 சதவீதமாக்கினால் டர்போ, அதாவது பிராசஸர் வழக்கத்துக்கு மேல் ஓடும் வேகம், நிற்கும். பெரும்பாலான லேப்டாப்களில் பிராசஸருக்கும் கார்டுக்கும் ஒரே செம்புக் குழாய்கள்தான், ஒன்றின் சூடு மற்றதையும் தூக்கும். கேமில் ஃபிரேமை நொடிக்கு 60-க்குக் கட்டிவிடுங்கள். கூலிங் பேட் வாங்குவதற்கு முன், பின்பக்கத்துக்கு இரண்டு மரக்கட்டை வைத்துத் தூக்கிப் பாருங்கள், அதுவே சில டிகிரி குறைக்கும்.

எனக்கு இப்போது ரெண்டர் முழுக்க 75 டிகிரி சுற்றியே நிற்கிறது, கிளாக் விழுவதில்லை. போர்டு அதே போர்டுதான்.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்கிறேன். இந்த மெஷினை இப்படி ஓடவிட்டுத்தான் நாங்கள் ஒரு எலிவேஷன் தருகிறோம். அறுபது லட்சத்தில் வீடு கட்டுகிறவர்கள், "சும்மா ஒரு படம்தானே, ரெண்டு கலர்ல போட்டுத் தா, பிடிச்சா காசு தாறேன்" என்கிறார்கள். வாங்கிக்கொண்டு போய் மேஸ்திரியிடம் காட்டி அப்படியே கட்டியும் விடுகிறார்கள், காசு வருவதில்லை. கொத்தனார் சம்பளத்தை அப்படி நிறுத்தி வைப்பீர்களா? கரண்ட் பில்லும் தூக்கமும் எங்களுக்கும் செலவுதான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இதெல்லாம் செய்தும் ஐந்து நிமிடத்தில் 87-ஐத் தொட்டால், ரெண்டு விசிறியும் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால், செம்புக் குழாய்கள் போய் முடியும் இடத்தில் இரண்டு பக்கமும் வெளிக்காற்று சூடாக வருகிறதா என்று கை வைத்துப் பாருங்கள். சிப் கொதிக்கும்போது அந்தக் காற்று மட்டும் குளிர்ச்சியாக வந்தால் குழாய்க்குள் இருக்கும் திரவம் போயிருக்கும். அப்போது அந்தக் குழாயும் தகடும் சேர்ந்த ஹீட்சிங்க் மட்டும் வாங்கினால் போதும், மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டால் ஆன்லைனில் தனியாகவே கிடைக்கிறது, போர்டு விலையோடு ஒப்பிட்டால் சொற்பம்.