ரக்கூன் வேட்டைக்கு வாக்கர் வாங்கலாமா, புளூடிக் வாங்கலாமா?

அமெரிக்காவின் கிழக்கு டென்னசி மலைப் பக்கம் வீடு மாறியிருக்கிறேன், ராத்திரியில் திரிந்து மரமேறும் சிறு விலங்கான ரக்கூனை வேட்டையாட வாக்கர், புளூடிக் என்ற இரண்டு வேட்டைநாய் இனங்களில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். வீடியோக்களைப் பார்த்து, பாதி மனதில் வாக்கர் என்று முடிவும் செய்திருப்பீர்கள். எட்டு வருடம் முன்பு நானும் இங்கே வந்தபோது யாரிடமாவது இதைக் கேட்டிருந்தால், ஒரு நல்ல நாயை அந்தப் பாடு படுத்தியிருக்க மாட்டேன்.

அதற்கு முன் தெற்கு இந்தியானாவில், வாபாஷ் ஆற்றை ஒட்டி இருந்தோம். சமதளம். கண்ணுக்கு எட்டிய வரை மக்காச்சோளமும் சோயாவும், நடுவில் ஓடையோரம் மட்டும் மரங்கள். ரக்கூனுக்குத் தீனிப் பஞ்சமே இல்லாத பூமி. இருட்டியதும் ஓடையோரம் அவிழ்த்துவிட்டால் சில நிமிடங்களில் சூடான தடம், அதாவது ரக்கூன் அப்போதுதான் போன தடம், கிடைத்துவிடும். என்னிடம் இருந்தது ட்ரீயிங் வாக்கர் பெட்டை, மூன்று வயது. தடத்தை அடி அடியாக முகர்ந்து போகும் பழக்கம் அவளுக்கு இல்லை. தலையைத் தூக்கிக் காற்றில் வாடை பிடித்து, வளைவுகளைக் குறுக்கே வெட்டி ஓடுவாள். அடுத்து நமக்குக் கேட்பது, ரக்கூன் ஏறிய மரத்தடியில் நின்று மூச்சு விடாமல் குரைக்கிற சத்தம்தான். இதைத்தான் மரம் காட்டுவது என்போம். ஒரே ராத்திரியில் நான்கு மரம் காட்டியிருக்கிறாள், நான்கிலும் ரக்கூன் இருந்தது.

அதே நாய் இங்கே வந்த முதல் குளிர்காலம் முழுக்க வெறும் மரத்தைக் காட்டியது. எனக்குக் காரணம் புரியவே இரண்டு மாதம் ஆனது. மலையில் ரக்கூன் குறைவு. ஓக் கொட்டை தேடி அது வெகுதூரம் அலையும். நாய் போய்ச் சேரும்போது தடம் மணிக்கணக்கில் ஆறிக் கிடக்கும். ஆறிய தடத்தைக் குறுக்கே வெட்டினால் வாடை அறுந்துபோகும். அப்புறம் ரக்கூன் ஏறி இறங்கிப் போன ஏதோ ஒரு மரத்தில் போய் நின்றுகொள்வாள். குரல் வேறு குட்டை. ஒரு மேடு தாண்டினால் ஒன்றும் கேட்காது. ஜனவரியில் ஒரு ராத்திரி இரண்டு மேடு தாண்டிப் போய்விட்டாள். பள்ளத்தில் இறங்கியதும் அவள் கழுத்திலிருந்த ஜிபிஎஸ் பட்டையின் சிக்னலும் போனது. மறுநாள் மதியம் ரோடோடென்ட்ரான் புதருக்குள் தவழ்ந்து போய்த் தூக்கி வந்தேன். நான்கு பாதமும் கிழிந்திருந்தன.

அதற்குப் பிறகுதான் பக்கத்து நிலத்துப் பெரியவர் தன் புளூடிக்கோடு கூப்பிட்டார். ஒன்பது வயது ஆண் நாய். அதே பள்ளம். ஒரு தடத்தில் முக்கால் மணி நேரம் விடாமல் நின்றது. நீட்டி இழுத்துக் கூவும் குரல் அதற்கு, மலை முழுக்க எதிரொலித்தது. அவர் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து, இப்போது ஓடையைத் தாண்டுகிறான், இப்போது தடத்தைத் தவறவிட்டான், பிடித்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கூவல் சட்டென்று வெட்டி வெட்டிக் குரைப்பதாக மாறியதும், மரம் காட்டிவிட்டான் என்று எழுந்தார். விளக்கடித்தால் உச்சிக்கிளையில் இரண்டு கண்கள் மின்னின. பார்த்தோம், நாயைக் கட்டிக்கொண்டு திரும்பினோம். உயிர்க்கொலை என்று எழுத வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: எங்கள் ராத்திரிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் முடிகின்றன. இங்கே இந்த நாய்களுக்கு நடக்கும் ராத்திரிப் போட்டிகளிலும் ரக்கூனைக் கொல்வதில்லை.

இதைக் கொல்லைப்புற வேடிக்கை என்று நினைப்பவர்களிடம் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. நம் ஊர்க்காரர்கள் சேர்ந்த ஒரு பொங்கல் விழாவில், அவன் ராத்திரியெல்லாம் நாயோடு காட்டில் திரிகிறவன் என்று ஒருவர் சொன்னது என் மகள் காதில் விழுந்தது. பத்து வயதுக் குழந்தை. வீட்டுக்கு வரும் வரை பேசவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் நீங்களும் இதைச் சந்திப்பீர்கள்.

சரி, வாக்கர்காரர்கள் கோபப்பட வேண்டாம். இனப் பெயர் மட்டும் எதையும் முடிவு செய்யாது. 1946 வரை புளூடிக்கே இங்கிலீஷ் கூன்ஹவுண்டு என்ற வேறு இனத்தின் பதிவில்தான் இருந்தது. ஆறிய தடத்தை எடுக்கும் வாக்கரையும், போட்டிக்கென்றே வேகமாக வளர்த்த புளூடிக்கையும் நான் பார்த்திருக்கிறேன். பிளாட் என்ற இன்னொரு இன நாய் கரடிக்கும் காட்டுப்பன்றிக்கும் பேர் போனது. உங்களுக்கு ரக்கூன்தான் வேண்டுமென்றால் அதன் முரட்டுத்தனத்துக்காக மயங்க வேண்டாம். லூசியானா சதுப்புக்கு நாய் தேடினால் நான் சொல்வது வேறாக இருக்கும். அங்கே நாய் தண்ணீருக்கு அஞ்சக் கூடாது, அதே சமயம் நீந்தும் ரக்கூனிடம் பாய்ந்து தலையைக் கொடுக்கவும் கூடாது, ரக்கூன் அதை மூழ்கடித்துவிடும்.

உங்கள் மலைக்கு ஆறிய தடத்தைப் பொறுமையாக எடுக்கிற மூக்கும், மேடு தாண்டிக் கேட்கிற குரலும், உங்களை விட்டு வெகுதூரம் போகாத புத்தியும் வேண்டும். மானைத் துரத்துகிற நாயென்றால் எவ்வளவு குறைந்த விலையானாலும் விட்டுவிடுங்கள். விற்பவர் தன் சோளக்காட்டில் காட்டுவதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் பள்ளத்திலேயே மூன்று ராத்திரி, அதில் ஒன்றாவது காய்ந்த, காற்றடிக்கும் ராத்திரியாக இருக்கட்டும், அவிழ்த்துவிட்டுப் பாருங்கள்.

என் வாக்கரை அந்த வசந்தத்திலேயே இந்தியானாவில் பழைய பக்கத்து வீட்டுக்காரரிடம் கொண்டுபோய் விட்டேன். முதல் ராத்திரியே ஓடையோரம் இரண்டு மரம் காட்டினாள் என்று போனில் அவர் சொன்னார். பின்னால் அவள் குரல் கேட்டது.