உடலறுத்துப் பயில்வது இனியும் தேவையா?

கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ். முதலாண்டு படிக்கிறாள். அவளுடைய கல்லூரியில் பெரிய தொடுதிரை மேசையில் முப்பரிமாணப் படங்களைக் காட்டியும் உடற்கூறியல் நடத்துகிறார்கள். பிரிட்டனில் சில கல்லூரிகள் டிசெக்‌ஷனையே கைவிட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அப்படியானால் இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கும் முறை இனித் தேவைதானா?
வாசகர், திருச்சி

பதில்: தாங்கள் கேள்விப்பட்டது உண்மையே. இங்கிலாந்தில் 2002-இல் தொடங்கிய பெனின்சுலா மருத்துவக் கல்லூரி, கடாவரே (பயிற்சிக்கான இறந்தவர் உடல்) இல்லாமல், ஸ்கேன் படங்களையும் உயிருள்ளவர்களின் தோல்மீது தசைகளையும் உறுப்புகளையும் வரைந்து பார்க்கும் பயிற்சியையும் கொண்டு பாடத்தை அமைத்தது. உடலறுத்துப் பயில்வதையும் இத்தகைய மாற்று முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், பாடம் முடிந்தவுடன் வைக்கும் தேர்வு மதிப்பெண்களில் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை.

ஆயினும் மதிப்பெண்ணை மட்டும் வைத்து இக்கேள்வியைத் தீர்த்துவிட முடியாது என்பதே என் உறுதியான கருத்து. அக்குள் பகுதியை எடுத்துக்கொள்வோம். திரையில் நரம்பு மஞ்சளாகவும் தமனி சிவப்பாகவும் பளிச்சென்று தெரியும்; உடலறுத்துப் பயிலும் கூடத்திலோ எல்லாம் ஏறத்தாழ ஒரே நிறத்தில் கொழுப்புக்குள் புதைந்திருக்க, மாணவி இடுக்கியால் கொழுப்பைச் சிறிது சிறிதாக விலக்கி, உருட்டிப் பார்க்கும்போது கெட்டியாக இருப்பது நரம்பு, உள்ளீடற்று அமுங்குவது இரத்தக்குழாய் என்று விரலாலேயே பிரித்தறிய வேண்டியிருக்கிறது. அங்கிருந்து மேற்கைக்குச் செல்லும் மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பு, மேற்கையிலுள்ள கோரகோபிரேகியாலிஸ் தசையைத் துளைத்துச் செல்லும் என்று புத்தகம் சொல்லும். சில உடல்களில் அது துளைக்காமலே செல்வதும், கையின் மற்றொரு நரம்பான மீடியன் நரம்போடு இணைந்துவிடுவதும் உண்டு. ஒரே மாதிரி உடலைத் திரும்பத் திரும்பக் காட்டும் மென்பொருளில் மட்டும் பயின்றவர், இத்தகைய மாறுபாட்டை முதன்முறையாக அறுவை அரங்கில் சந்திக்க நேர்ந்தால் என்னாகும்?

டிசெக்‌ஷனுக்கும் குறைகள் உண்டு. உடல் கெடாமலிருக்கச் செலுத்தும் ஃபார்மலின் என்னும் திரவம் திசுக்களை விறைக்கச் செய்து நிறத்தையும் மாற்றிவிடுகிறது. (ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வால்டர் தீல் உருவாக்கிய பதப்படுத்தும் முறையில் மூட்டுகள் மடங்கும், தசைகள் மென்மையாகவே இருக்கும்.) ஒரு மேசையைச் சுற்றி மாணவர்கள் நெருக்கியடித்து நிற்கும்போது, பின்வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் வேடிக்கை பார்ப்பவர்களாகவே நின்றுவிடுகிறார்கள், அவர்களுக்கு, ஆசிரியர் முன்கூட்டியே அறுத்துச் சீராக வைத்த பகுதிகளைக் கையிலெடுத்துப் படிப்பது மேலும் பயன் தரும். குறுக்குவெட்டுகளை சி.டி. ஸ்கேன் படத்தோடு பொருத்திப் பார்க்கவும், கருவளர்ச்சியை விளக்கவும் திரையே சிறந்தது.

2019-இல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், கடாவரை முதல் ஆசிரியராக மதிக்கக் கற்பிப்பதையும் ஒரு பாடமாகவே சேர்த்திருக்கிறது. உடல் தானம் செய்தவரின் முன் நின்று பெறும் அந்தப் பொறுப்புணர்வை வேறெந்த முறையும் அதே அளவில் தருவதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே, மறுநாள் அறுக்கவிருக்கும் பகுதியை முந்தைய நாளே திரையில் பார்த்துவிட்டுச் செல்லுமாறு தங்கள் மகளிடம் கூறுங்கள். கூடத்தில் பின்னால் நிற்காமல், கத்தியும் இடுக்கியும் பிடிக்கும் வாய்ப்பைத் தயங்காமல் கேட்டுப் பெறட்டும். அன்றைக்குப் பார்த்த தசைநாரையும் தமனியின் துடிப்பையும் தன் மணிக்கட்டிலேயே தொட்டுத் தேடிப் பார்க்கட்டும்.